45 வாட் குடித்தனம்: பழைய பைக்கின் பேட்டரியும் சார்ஜிங்கும்

மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா ஆலை தயாரித்த ஜாவா 250இன் டைனமோ, எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது 45 வாட். ஹெட்லைட், பின்விளக்கு, ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவை தின்றது போக மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. ஹெட்லைட் பல்புக்கு 25 முதல் 35 வாட், பின்விளக்குக்கு 5 வாட், காயிலுக்குப் பத்துப் பதினைந்து வாட் என்று கூட்டிப் பார்த்தால் இரவு நேரத்தில் வரவும் செலவும் நேருக்கு நேர் நிற்கும். பழைய பைக்கின் மின்சார அமைப்பு என்பது சிறு சம்பளத்தில் நடக்கும் குடித்தனம். எங்கோ ஓரிடத்தில் கசிந்தால் மாதக் கடைசியில் கடன்தான்.

பட்டறையில் பெரும்பாலும் கேட்கும் முதல் தீர்ப்பு, "பேட்டரி உக்காந்துட்டு அண்ணாச்சி, மாத்திரணும்" என்பது. பேட்டரி உட்கார்ந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஏன் உட்கார்ந்தது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால், அதுவும் ஒரு கோடையைத் தாண்டாது. இந்த அத்தியாயத்தின் நோக்கம் அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு வீட்டிலேயே, ஒரு மல்டிமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் கொண்டு விடை காண்பது.

திருநெல்வேலி வட்டாரத்தில் அந்தக் கேள்விக்குச் சில உள்ளூர் விடைகள் உண்டு. முதலாவது, ஓட்டும் தூரம். டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் தொடங்கி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி, ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்து, 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை சேரும் வண்டி, பாதி நேரம் ஐடிலிங்கில்தான் நிற்கிறது. ஐடிலிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. ஆம்ப் மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து கிடக்கும். பிரேக் பெடலில் கால் சும்மா பதிந்திருந்தால்கூட 18 வாட் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். 6 வோல்ட்டில் அது 3 ஆம்பியர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவில் அரை மணி நேரம் நகர நெரிசல், பற்றாக்குறை 4 ஆம்பியர் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து போவது 2 ஆம்பியர்-அவர். அடுத்த நாள் பகலில், ஹெட்லைட் இல்லாமல், மிச்சம் 2 ஆம்பியர் கிடைக்கும் வேகத்தில் ஓட்டினால், வாங்கிய அளவை அப்படியே திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம். சார்ஜ் ஏறும்போது வீணாகும் பங்கையும் சேர்த்தால் அதற்கும் மேல். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் டாப் கியரில் சீராகப் போகும் வண்டிக்கு அந்த ஒரு மணி நேரம் தானாகக் கிடைத்துவிடுகிறது. காய்கறி வாங்க மட்டும் வெளியே வரும் வண்டிக்கு அது கிடைப்பதே இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை மெயின் ரோட்டில் நீள ஓட்டுவது, இந்த நூல் சொல்லும் எந்தப் பராமரிப்பையும்விடப் பலன் தரும்.

இரண்டாவது விடை வெயில். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், தகரப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியின் நிலை இன்னும் மோசம். ஈய-அமில பேட்டரி சும்மா இருக்கும்போதே தன் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். சூடு 10 டிகிரி கூடும்போது அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். தண்ணீரும் வேகமாக வற்றும். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பங்குனியிலிருந்து ஆடி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். தகடுகள் அமிலத்துக்கு வெளியே தலைகாட்டினால், காற்றுப்பட்ட அந்தப் பகுதி கெட்டுப்போகும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்பதில் இந்த ஊர்க்காரர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று நெல்லை பெருமைப்படும். குடிக்க நல்ல தண்ணீர் பேட்டரிக்கு நல்லதல்ல. ஆற்று நீரில் கரைந்திருக்கும் குளோரைடும் இரும்பும் உப்புகளும் தகட்டில் சேர்ந்து, பேட்டரி தன்னைத்தானே காலி செய்துகொள்ளும் வேகத்தைக் கூட்டும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தாமிரக் குழாயையும் தூசியையும் தொட்டு வருவது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்றுதான் சரி. குறைந்திருப்பது தண்ணீர் மட்டுமே என்பதால் அமிலம் ஊற்றவே கூடாது. பேட்டரி கவிழ்ந்து அமிலம் கொட்டியிருந்தால் மட்டும் அதற்கு விலக்கு. மேல் கோட்டைத் தாண்டி நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வெளியே வரும். அப்படி வருவதைத் தரைக்குக் கொண்டுபோகத்தான் பேட்டரியின் பக்கவாட்டில் ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கிறது. அது செயினுக்கும் சைலன்சருக்கும் விலகி, மடங்காமல், கீழே வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பெயின்ட் அடித்த எத்தனையோ வண்டிகளில் பேட்டரி பெட்டிக்குக் கீழே ஃப்ரேம் துருப்பிடித்துக் கிடப்பது இந்தக் குழாய் காணாமல் போனதால்தான்.

ஹைட்ரோமீட்டர் என்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடிக் குழல். முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.260 முதல் 1.280 வரை இருப்பது பொது வழக்கம். வெப்பப் பிரதேசங்களுக்கு 1.240 அளவில் நிரப்புவதும் உண்டு. எனவே புது பேட்டரி முதன்முதலாக முழுச் சார்ஜ் ஏறியதும் அளந்து, அந்த எண்ணைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு எல்லா அளவையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அமிலம் 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். 6 வோல்ட் பேட்டரியில் மூன்று செல். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்த செல் போய்விட்டது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். மூன்றும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் பேட்டரிமேல் குற்றமில்லை. அதற்குச் சோறு போடும் இடத்தில்தான் கோளாறு.

அந்த இடத்தைத் தேடும் முன், கம்பிகளைப் பார்க்க வேண்டும். 6 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் எங்காவது தொலைந்தால், பல்புக்கு 5.5 வோல்ட்தான் போகும். அதன் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு வோல்ட் தொலைந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். "ஆறு வோல்ட்டுன்னாலே மங்கல்தான்" என்ற பேச்சுக்குக் காரணம் பெரும்பாலும் வோல்ட் அல்ல, எர்த். பேட்டரியின் எர்த் கம்பி ஃப்ரேமில் பதியும் இடம், எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் இடையிலான இணைப்பு, பல்பு ஹோல்டர், ஃபியூஸ் கிளிப், சாவி சுவிட்ச், ஆம்ப் மீட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு நட்டுகள் என்று மின்சாரம் திருடு போகும் இடங்கள் பல. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியிலும், திருச்செந்தூரிலும், தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டியும் ஓடும் வண்டிகளில் தாமிரக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறிவிடும். வெளியே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி கறுத்திருக்கும்.

பரிசோதனை எளிது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை ஹெட்லைட் ஹோல்டரின் உடம்பிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பிடிக்கவில்லை. இதே சோதனையைப் பேட்டரியின் மறு முனைக்கும் பல்புக்குக் கரன்ட் வரும் முனைக்கும் இடையே செய்தால் சுவிட்சிலும் ஃபியூஸிலும் எவ்வளவு போகிறது என்று தெரியும். இந்தச் சோதனையில் அதிகம் தோற்பவை, வியப்பாக, புதிதாக ரெஸ்டோர் செய்த வண்டிகள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேலேயே எர்த் கம்பியை வைத்து முறுக்கியிருப்பார்கள். போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் தெரியச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு மேலே வாஸ்லின் தடவினால் போதும். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி இழுத்துவிடுவது இன்னும் நல்லது. இல்லையென்றால் ஹேண்டில்பார் பேரிங் வழியாகத்தான் கரன்ட் திரும்பி வர வேண்டியிருக்கும். வீட்டு வயரிங்குக்கு உள்ள ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் ஒடிந்துபோகும். பல இழை கொண்ட ஆட்டோ வயரே வேண்டும்.

இனி சார்ஜிங். முழுச் சார்ஜுள்ள 6 வோல்ட் பேட்டரி ஓய்வில் 6.3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 12 வோல்ட் பேட்டரி 12.6க்கு மேலே. எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டும்போது முதலாவது 7 வோல்ட்டை ஒட்டியும் இரண்டாவது 14ஐ ஒட்டியும் ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் வரவில்லை. 7.5ஐயோ 15ஐயோ தாண்டினால் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது.

ஜாவாவிலும் தொடக்க கால எஸ்டியிலும் டிசி டைனமோ. வலப்பக்க மூடியைத் திறந்தால் கிராங்கின் முனையிலேயே ஆர்மேச்சர், அதன் மேல் கார்பன் பிரஷ், பக்கத்தில் பாயிண்ட். பிரஷ் தேய்ந்து குட்டையானாலும், அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும், கம்யூட்டேட்டரில் கரி படிந்தாலும் சார்ஜ் நின்றுவிடும். கம்யூட்டேட்டரைத் துடைக்க எமெரி தாள் கூடாது, அதன் துகள் மின்சாரம் கடத்தும். மெல்லிய கண்ணாடித் தாள்தான் சரி. தாமிரப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா மேடு தட்டியிருந்தால், உடைந்த ஹாக்ஸா பிளேடால் கொஞ்சம் கீழே இறக்கிவிட வேண்டும்.

மெக்கானிக்குகள் கட்-அவுட் என்று சொல்லும் ரெகுலேட்டர் பெட்டி இந்த அமைப்பின் காவலாளி. டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிடக் கூடும்போது இரண்டையும் இணைக்கும், குறையும்போது பிரிக்கும். அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவின் வழியாகக் காலியாகும். கம்பி புகைவதும் உண்டு. வண்டியை நிறுத்தியபின் ரப்பர் கருகும் வாசம் வந்தால் முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். பேட்டரியே இல்லாமல் இந்த வண்டிகளை ஓட்டுவதும் தவறு. வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறிப் பல்புகள் வரிசையாகப் போகும்.

புல்லட்டின் கதை வேறு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டுகளில் இருப்பது ஆல்டர்னேட்டர். அந்த அமைப்பின் மூலம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடையது. லூகாஸுடன் கைகோத்துச் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது டிவிஎஸ் குழுமம். அதை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்தது இதே திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில். இந்தியச் சாலைகளின் வண்டி மின்சாரத்துக்கும் நெல்லைச் சீமைக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

ஆல்டர்னேட்டரில் பிரஷ் கிடையாது. கிராங்கோடு சுழலும் காந்த ரோட்டர், அதைச் சுற்றி அசையாத காயில்களான ஸ்டேட்டர், இரண்டும் இடப்பக்கம் பிரைமரி செயின் கேஸுக்குள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். செயின் கேஸைத் திறந்து மூடும்போதெல்லாம் ஃபீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் பார்த்துவிட வேண்டும். உரசினால் ஸ்டேட்டர் போய்விடும். வருவது ஏசி என்பதால் அதை டிசியாக்க ரெக்டிஃபயர் தேவை. மிகப் பழைய வண்டிகளில் தட்டுத் தட்டாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். வயதாக ஆக அதுவே மின்சாரத்தைத் தின்னும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 35 ஆம்பியர் உலோக உடல் பிரிட்ஜ் டையோடு, குறைந்த செலவில் அந்த வேலையைச் செம்மையாகச் செய்யும். பழைய தோற்றம் வேண்டுவோர் செலினியத்தைக் கழற்றாமல் விட்டு, புதியதை சீட்டுக்குக் கீழே சூடு இறங்கும் இரும்பில் பொருத்தலாம். இந்த வேலையில் ஒன்று மறக்கக் கூடாது. பழைய பிரிட்டிஷ் வயரிங்கில் பாசிட்டிவ் எர்த் வழக்கம். எந்த முனை ஃப்ரேமில் பதிந்திருக்கிறது என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டினால் டையோடு அந்த நொடியே போகும்.

தொடக்க கால லூகாஸ் ஆல்டர்னேட்டர்களுக்கு ரெகுலேட்டர் கிடையாது. லைட் சுவிட்சைத் திருப்பும்போது எத்தனை காயில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் மாறும். திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரி இதைத் தாங்கும், வற்றியதை ஊற்றிக்கொள்ளலாம். இப்போது கடைகளில் முதலில் எடுத்துத் தருவது மூடிய ஏஜிஎம் பேட்டரி. அதில் வற்றிய தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை. ரெகுலேட்டர் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் நீண்ட பகல் பயணங்களே அதைக் கொன்றுவிடும். ஏஜிஎம்தான் வேண்டுமென்றால் முதலில் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் பொருத்த வேண்டும்.

சில பழைய புல்லட்டுகளின் சாவி சுவிட்சில் எமர்ஜென்சி என்று ஒரு நிலை உண்டு. பேட்டரி முழுதும் காலியானாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகக் காயிலுக்குக் கரன்ட் கொடுத்து எஞ்சினை எழுப்பும் ஏற்பாடு அது. எழுந்ததும் சாவியைச் சாதாரண நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். காரையார் மலைப்பாதையில் நிற்கும்போது இதைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் பல கிலோமீட்டர் உருட்டல். சாவியைப் பற்றி இன்னொன்று: எஞ்சின் நின்ற பிறகும் சாவி போட்டபடி இருந்து, பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், காயில் வழியே மூன்று நான்கு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். டீ குடித்துக் கதை பேசி வருவதற்குள் பேட்டரியில் ஒரு பங்கு போய்விடும், காயிலும் சுடும்.

வளைகுடாவிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர்களின் வண்டி வீட்டில் மாதக்கணக்கில் நிற்பது இந்தப் பக்கத்தில் சகஜம். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி 50 ஆண்டு கடந்து விண்டேஜ் பதிவு பெற்ற வண்டிகளும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே வெளியே வரலாம் என்பதால் அவையும் நின்றபடிதான் இருக்கின்றன. சார்ஜ் குறைந்து நிற்கும் பேட்டரியின் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகும். நாள்பட்டால் எந்தச் சார்ஜருக்கும் அது கரையாது. வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் பேட்டரியைக் கழற்றி, முழுச் சார்ஜ் ஏற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். வாரம் ஒருமுறை கிக் அடித்துப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுவது வீட்டார் அன்போடு செய்யும் காரியம். அதனால் பேட்டரிக்குப் பயனில்லை, கொஞ்சம் செலவுதான் ஆகிறது.

சார்ஜ் ஏற்றும் அளவு பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு. 12 ஆம்பியர்-அவருக்கு 1.2 ஆம்பியர். பேட்டரி கடையில் கொடுக்கும்போது, பெரிய கார், லாரி பேட்டரிகளின் வரிசையில் இதையும் தொடராகச் சேர்த்து விடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே கரன்ட்தான் ஓடும். லாரி பேட்டரிக்கு மிதமான 5 ஆம்பியர் சின்ன பேட்டரியைக் கொதிக்க வைக்கும். 6 வோல்ட், 12 வோல்ட் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் சிறு தானியங்கிச் சார்ஜர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது இந்தப் பொழுதுபோக்கின் நல்ல முதலீடு. ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிகளைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு என்று தனியே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெள்ளக்காடாயின. வீட்டு வாசலிலும் கார் ஷெட்டிலும் நின்ற வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டிக்குச் செய்யக்கூடாத முதல் காரியம் சாவி போட்டுப் பார்ப்பது. பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வெள்ள நீர் மூச்சுக்குழாய் வழியே செல்லுக்குள் போயிருக்கும் என்பதால் அதை நம்பி வைத்துக்கொள்வதில் பொருளில்லை. ஹெட்லைட், சுவிட்ச், ஹாரன், கட்-அவுட் எல்லாவற்றையும் திறந்து சுத்தமான தண்ணீரில் சேற்றைக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். புல்லட் என்றால் செயின் கேஸ் ஆயிலை வடித்தால் பால் நிறத்தில் வரும். ஸ்டேட்டரை வெளியே எடுத்துக் காயவைத்து, காயிலுக்கும் உடம்புக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும். டைனமோவுக்கும் அப்படியே. ஈரத்தோடு ஓட்டிப் பார்த்தால் வார்னிஷ் உரிந்து காயில் எரியும், ரீவைண்டிங் செலவு வரும்.

எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தினமும் இரவில் ஓட்டுபவருக்கு அது நியாயமான முடிவு. அதே வாட்டுக்குக் கரன்ட் பாதியாகும், கம்பியில் இழப்பும் குறையும். எப்போதாவது ஓட்டுபவர் முதலில் பின்விளக்கையும் பிரேக் லைட்டையும் 6 வோல்ட் எல்இடியாக மாற்றிப் பார்க்கலாம். பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் அதற்கேற்ற எல்இடி கேட்டு வாங்க வேண்டும். பிரேக் லைட்டின் 3 ஆம்பியர் அரை ஆம்பியருக்கும் கீழே வந்துவிடும், வண்டியின் அசல் உறுப்பு எதுவும் மாறாது.

ஆயுள் முடிந்த பேட்டரியை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பழைய ஈயத்துக்கு விலை உண்டு, 2022இன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும் பேட்டரி தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. எடை குறைக்க அமிலத்தைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. ஈயம் கலந்த அந்தத் தண்ணீர் வயலுக்கும் ஆற்றுக்கும் போகும். கொண்டுபோகும் வழியில் பெட்டியிலோ தரையிலோ சிந்திவிட்டால், தண்ணீரில் கரைத்த ஆப்ப சோடாவை நுரை அடங்கும் வரை ஊற்றிக் கழுவினால் போதும்.